மூன்றுக்கு மேல் போடாத ஊர்

எங்கள் நகர மேலாளர் டுவேன் ஓஸ்ட்பி அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறார். ஊர்ப் பத்திரிகைக்கு அவரைப் பற்றி அரைப் பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். எழுதிக் கொடுத்துவிட்டேன். பிறந்த இடம், படித்த படிப்பு, மாற்றிய குழாய், போட்ட சாலை எல்லாம் அதில் ஒழுங்காக இருக்கிறது. நான் அவருக்குச் செய்தது மட்டும் அதில் இல்லை. அதை அரைப் பக்கத்தில் அடக்க முடியாது. அடக்கினாலும் படித்துவிட்டு அவர்தான் கூச்சப்படுவார்.

நான் வெர்னா டோலெஃப்சன். லேக் ஆர்விட் உயர்நிலைப் பள்ளியில் முப்பத்தாறு வருஷம் கணக்கு டீச்சர். மினசோட்டாவின் இந்த மூலையில் என் சிவப்பு மைக்குத் தப்பியவர்கள் குறைவு. நூற்றுக்கு நூறு நான் யாருக்கும் போட்டதில்லை. விடை எல்லாம் சரியாக இருந்தால் கையெழுத்துக்கு இரண்டு குறைப்பேன். பிள்ளைக்கு இன்னும் மேலே ஏற இடம் வேண்டும் என்று காரணம் சொல்வேன். அப்போது அதற்குக் கொள்கை என்று பெயர் வைத்திருந்தேன். கருமித்தனம் என்ற பெயர் எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஊரும் எனக்கு ஏற்ற ஊர்தான். எங்கள் ஆட்களுக்குப் பாராட்டு நெஞ்சில் இருக்கும், தொண்டையைத் தாண்டாது. கோதுமை என்றுமில்லாத விளைச்சல் கண்டால் "பரவால்ல" என்பார்கள். பேரன் பிறந்தால் "பரவால்ல" என்பார்கள். என் கணவர் நாற்பத்தொரு வருஷத்தில் என் சமையலுக்கு அதற்கு மேல் ஒரு வார்த்தை செலவழித்ததில்லை. அந்த ஒரு வார்த்தை கிடைத்த அன்று எனக்கு முகம் சிவந்து, இன்னொரு கரண்டி பரிமாறுவேன். அதற்கு மேல் யாராவது புகழ்ந்தால் எதையோ விற்க வந்திருக்கிறார் என்று எங்களுக்குச் சந்தேகம் வரும்.

பள்ளியிலிருந்து ஓய்வு பெற்றதும் என்னை நகர மன்றத்துக்குத் தேர்ந்தெடுத்தார்கள். மேயர் ஹார்லன் ப்ரூன், அவரோடு நாங்கள் நான்கு பேர். மாதம் இரண்டு கூட்டத்துக்கு வந்து கை தூக்குவதோடு எங்கள் வேலை முடிந்தது. ஊரை உண்மையில் ஓட்டுவது நாங்கள் சம்பளத்துக்கு வைத்த மேலாளர்.

அந்த மேலாளர் டுவேன். நாற்பது மாடு வைத்திருந்த அப்பாவின் பண்ணை கைவிட்டுப் போனபோது அவருக்குப் பத்தொன்பது வயது. மாவட்டச் சாலைத் துறையில் பனி தள்ளும் வண்டி ஓட்டிக்கொண்டே, மாலை வகுப்புக்குப் போய், நான்கு வருஷப் பட்டத்தை ஒன்பது வருஷத்தில் வாங்கியவர். மனைவி மார்லிஸோடு எங்கள் ஊருக்கு வந்த முதல் வாரமே ஒரு இரும்புக் கம்பியை எடுத்துக்கொண்டு தெருத் தெருவாக நடந்தார். கம்பியின் ஒரு முனையைத் தீயணைப்புக் குழாயில் வைத்து மறுமுனையைக் காதில் வைத்துக்கொண்டு அசையாமல் நிற்பார். மண்ணுக்கடியில் எங்கே தண்ணீர் கசிகிறது என்று கேட்கிறாராம். மேனேஜர் குழாயோடு பேசுகிறார் என்று ஹார்லன் தன் தீவனக் கடையில் வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார். அந்த வருஷம் நாங்கள் இறைத்த தண்ணீரில் நூற்றுக்கு இருபத்தாறு பங்கு மண்ணுக்குள் போய்க்கொண்டிருந்தது. அதை அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம்.

ஒவ்வொரு ஜனவரியும் தீயணைப்பு நிலையத்தின் பின்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு மேனேஜருக்கு மதிப்பெண் போடுவோம். போன வருஷ இலக்குகளை எட்டினாரா என்று ஒன்று முதல் ஐந்து வரை போட்டுவிட்டு, புது வருஷத்துக்கு இலக்கு வைப்போம். காப்பி இருக்கும். நான் ஒரு தட்டு எலுமிச்சை கேக் செய்து எடுத்துப் போவேன். கடைசித் துண்டை எங்கள் ஊரில் யாரும் எடுக்க மாட்டார்கள். ஒருவர் பாதியை வெட்டி எடுப்பார், அடுத்தவர் மீதியில் பாதி. கூட்டம் முடியும்போது தட்டில் விரல் நகம் அளவுக்கு ஒன்று கிடக்கும்.

பேனா எப்போதும் என் கையில்தான். டீச்சர் போடுவதைப் போடட்டும் என்று மற்றவர்கள் விட்டுவிடுவார்கள், எனக்கும் அதில் ஒரு தலைக்கனம். தாளில் மூன்றுக்கு நேரே 'எதிர்பார்த்தபடி செய்தார்' என்று அச்சடித்திருக்கும். ஒரு மனிதரைப் பற்றி அதற்கு மேல் என்ன நல்ல வார்த்தை இருக்க முடியும்? வருஷா வருஷம் டுவேனுக்கு எல்லாவற்றிலும் மூன்று போட்டேன். காலை ஏழு மணிக்குள் பனி தள்ளினார், மூன்று. புகார்க் கடிதத்துக்கெல்லாம் மூன்று நாளில் பதில் எழுதினார், மூன்று. ஐந்து ஆண்டவருக்கு என்று நான் சொல்ல எல்லோரும் சிரிப்பார்கள்.

நீர்க்கசிவு இலக்குதான் என் செல்லம், அது எண் என்பதால். இருபத்தாறை இருபத்திரண்டாக்கச் சொன்னேன், ஆக்கினார். பத்தொன்பது என்றேன். பதினாறு, பதினாலு, பன்னிரண்டு. அவர் எட்ட எட்ட நான் உயர்த்திக்கொண்டே போனேன். ஒரு ஜனவரியில் பத்து என்று எழுதினேன். ஏன் பத்து என்று என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், முழு எண்ணாக அழகாக இருக்கிறது என்பதைத் தவிர என்னிடம் பதில் இல்லை.

அடுத்த ஜனவரியில் பத்துப் புள்ளி நான்கு என்று எழுதி எடுத்து வந்தார். வேறொருவராக இருந்தால் ஏறக்குறைய பத்து என்று எழுதியிருப்பார், நாங்களும் தலையாட்டியிருப்போம். விட்டுவிடலாம் டீச்சர் என்று ஹார்லன் சொன்னார். நான் கறாராகச் சொன்னேன்:

"பத்துப் புள்ளி நாலு பத்து இல்ல, ஹார்லன்."

இரண்டு போட்டேன். பக்கத்தில் 'இலக்கை எட்டவில்லை' என்று என் அழகான கையெழுத்தில் எழுதினேன். டுவேனைக் கூப்பிட்டுத் தாளைக் கொடுத்தபோது படித்துப் பார்த்து, சரிதான் என்றார். சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து, ஓக் தெருவில் இன்னொரு கசிவு இருக்கிறது, உறைந்த மண் இளகியதும் பிடித்துவிடுகிறேன் என்றார். பிறகு கடைசித் துண்டில் பாதியை வெட்டி எடுத்துக்கொண்டார்.

அப்போதே மார்லிஸுக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போயிருந்தன. தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவர். பாதிரியார் பிரசங்கத்தை இழுத்தால் ஒரு கட்டையை லேசாகத் தட்டி நினைவுபடுத்துகிற குறும்புக்காரி. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். அதற்கு வெஸ்ட் ஆல்பன் போக வேண்டும், தொண்ணூற்றைந்து மைல். திங்களும் வெள்ளியும் டுவேன் விடியுமுன் கிளம்பி அவரைக் கூட்டிப் போவார். அன்றைய வேலையைச் சனி ஞாயிறில் செய்வார். புதன்கிழமைக்குத் தேவாலயத்து ஆட்கள் முறை போட்டுக்கொண்டோம்.

அந்த மார்ச்சில் வெஸ்ட் ஆல்பனிலேயே நகர மேலாளர் வேலை காலியாயிற்று. டுவேன் விண்ணப்பித்தார். கடைசி இரண்டு பேரில் ஒருவராக வந்துவிட்டார். கிடைத்தால் ஆஸ்பத்திரி எட்டுத் தெரு தள்ளி. ஊருக்கு இழப்பு என்று எல்லோருக்கும் வருத்தம். ஆனாலும் கிடைக்க வேண்டும் என்று வேண்டாதவர் இல்லை. நானும் வேண்டினேன். அது பொய்யில்லை.

ஒரு மதியம் போன் வந்தது. பிரிச்செட் என்ற பெண்மணி, வெஸ்ட் ஆல்பன் நகர மன்ற உறுப்பினர். ஜார்ஜியாவிலிருந்து வந்து குடியேறியவர் என்று பேச்சிலேயே தெரிந்தது, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் சர்க்கரை தூவிக்கொண்டிருந்தார். டுவேன் எப்படிப்பட்டவர், மனம் திறந்து சொல்லுங்கள் என்றார். நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். முன்பின் தெரியாத ஒருவரிடம் ஊர்க்காரரை இந்த அளவுக்கு நான் உயர்த்திப் பேசியதே இல்லை.

"ஆளு பரவால்லங்க," என்றேன். "எங்களுக்குக் குறை ஒண்ணும் இல்ல."

வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று கேட்டார். இல்லை, அவ்வளவுதான் என்றேன். மனதுக்கு நிறைவாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் இரண்டு பேரிடம் சொல்லவும் சொன்னேன், டுவேனுக்கு நல்ல வார்த்தை போட்டு வைத்திருக்கிறேன் என்று.

வேலை இல்லினாயிலிருந்து வந்த மற்றவருக்குப் போயிற்று.

ஏப்ரலில் ஏதோ கையெழுத்துக்காக நகர அலுவலகம் போனேன். அங்கே எழுத்தர் பெவ். என் பழைய மாணவி, இருபது வருஷமாக அந்த மேஜையில் இருப்பவள். வெஸ்ட் ஆல்பன்காரர்கள் கேட்டபோது டுவேனின் மதிப்பெண் தாள்களை அனுப்பி வைத்தவள் அவள்தான். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்:

"அங்கேருந்து ஒரு சந்தேகம் கேட்டாங்க டீச்சர். எல்லாம் மூணா இருக்கே, மூணுன்னா ஃபெயிலான்னு."

இல்லினாய்க்காரருக்கு எல்லாம் ஐந்தாம். அப்புறம் பெவ் தன் கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். டுவேன் அவளுக்குப் போட்ட மதிப்பெண். ஐந்து, ஐந்து, நான்கு, ஐந்து. அடியில் அவர் கையெழுத்தில் ஒரு வரி: 'பெவ் விடுப்பில் போன வாரம்தான் இந்த அலுவலகம் யாரால் நிற்கிறது என்று எனக்குப் புரிந்தது.' தண்ணீர்ப் பிரிவு ஃபோர்மேனுக்கும் இப்படி ஒரு தாள் எழுதிக் கொடுத்தாராம். அதை வைத்துத்தான் அவன் பெரிய ஊரில் வேலை வாங்கிப் போனானாம்.

"வெளியூர்ல நம்பர எப்படிப் படிப்பாங்கன்னு அவருக்குத் தெரியும் டீச்சர்," என்றாள். "நமக்குத்தான் தெரியல."

தெரிந்தும் ஏன் எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்றேன். கேட்டு வாங்குகிற மார்க் மார்க்கா என்று பெவ் திருப்பிக் கேட்டாள். அது என் வாக்கியம். பத்தாம் வகுப்பில் அரை மார்க்குக்காக என் மேஜைக்கு வந்து நின்ற அவளிடமே நான் சொன்னது.

வீட்டுக்கு வந்ததும் பிரிச்செட் அம்மாவுக்குப் போன் போட்டேன். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு மனிதரை வாய் கொள்ளாமல் புகழ்ந்தேன். கம்பியைக் காதில் வைத்து நின்றதையும், இருபத்தாறு பத்தாகியதையும், பத்துப் புள்ளி நான்கை மறைக்காமல் எழுதியதையும் மூச்சு வாங்கச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு வருத்தத்தோடு சொன்னார்:

"இத நீங்க அன்னிக்கே சொல்லியிருக்கலாமேங்க."

"அன்னிக்கே சொன்னேனே," என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. புரிய வைக்கவும் நேரம் கடந்துவிட்டது, அந்த இல்லினாய்க்காரர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

மே மாதத்திலிருந்து எல்லாப் புதன்கிழமையும் நானே ஓட்டுகிறேன் என்று முறைப் பட்டியலில் என் பெயரை எழுதிக்கொண்டேன். டீச்சருக்கு எவ்வளவு நல்ல மனசு என்று தேவாலயத்தில் பேசிக்கொண்டார்கள். அதைக் கேட்டுக்கொண்டு நின்றேனே, அது தனி வெட்கம். ஒவ்வொரு புதனும் இன்று சொல்லிவிடுவது என்று கிளம்புவேன். நான் போட்ட மூன்றால்தான், நான் சொன்ன ஒரு வார்த்தையால்தான் நீ இந்தச் சாலையில் ஆடிக்கொண்டு போகிறாய் என்று சொல்ல வேண்டும். போகும்போது மார்லிஸ் ஊர்க்கதை பேசிச் சிரிப்பார், அதைக் கெடுக்க மனம் வராது. திரும்பும்போது துணியாய்த் துவண்டு ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்குவார், எழுப்ப மனம் வராது. இரண்டும் சாக்குதான். எனக்குத் தைரியமில்லை.

ஒருமுறை சர்க்கரைக் கிழங்கு ஏற்றிய லாரி முன்னால் ஊர்ந்துகொண்டிருந்தது. தாண்டிப் போய்விட்டு, என் ஓட்டு எப்படி என்று சும்மா கேட்டேன்.

"பரவால்ல, டீச்சர்," என்றார் மார்லிஸ். சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். அடக்கப் பார்க்கிறார், முடியவில்லை, கண்ணில் தண்ணீர் வருகிறது. அதில் என்ன அவ்வளவு சிரிப்பு என்று எனக்கு விளங்கவில்லை. ஆனாலும் கூடச் சிரித்தேன்.

நவம்பர் நடுவில் ஒரு செவ்வாய்க்கிழமை இதயம் நின்று மார்லிஸ் போய்விட்டார். அந்த வேலை கிடைத்திருந்தால் ஜூனில் வெஸ்ட் ஆல்பனில் சேர்ந்திருப்பார் டுவேன். ஜூனிலிருந்து இருபத்துநான்கு வாரம், வாரம் மூன்று பயணம், போக வர நூற்றுத் தொண்ணூறு மைல். பதின்மூன்றாயிரத்து அறுநூற்று எண்பது. கணக்கு டீச்சருக்கு இது மனக்கணக்கு, வேண்டாம் என்றாலும் தானே போட்டுக்கொள்கிறது. வெஸ்ட் ஆல்பனில் இருந்திருந்தாலும் பிழைத்திருக்க மாட்டார் என்று மருத்துவர் சொன்னதாகக் கேள்வி. இருக்கலாம். அந்த மைல்களையாவது மிச்சம் பிடித்திருக்கலாமே. அடக்கத்தன்று கோழியும் உருளைக்கிழங்கும் போட்டு வேக வைத்த பாத்திரத்தை எடுத்துப் போனேன். எல்லோரையும் போல வாசலிலேயே கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். உள்ளே போக முகமில்லை.

ஜனவரி வந்தது. பின்னறை, காப்பி, எலுமிச்சை கேக். பேனாவை எடுத்து எல்லா வரியிலும் ஐந்து போட்டேன். ஹார்லன் எட்டிப் பார்த்தார்.

"டீச்சர், ஒடம்பு ஏதும் சரியில்லையா?"

நன்றாகத்தான் இருக்கிறேன், கையெழுத்துப் போடு என்றேன். போட்டார். மற்றவர்களும் போட்டார்கள். டுவேனைக் கூப்பிட்டோம். இளைத்திருந்தார், சட்டைக் காலர் கழுத்தைச் சுற்றித் தொளதொளத்தது. தாளை வாங்கி மேலிருந்து கீழே நிதானமாகப் படித்தார். நீர்க்கசிவு வரியில் விரலை வைத்தார். இலக்கு பத்தாகவே இருந்தது. அந்த வருஷம் அவர் கொண்டுவந்தது பத்துப் புள்ளி இரண்டு.

"இது மட்டும் தப்பா இருக்கு, டீச்சர்," என்றார். "பத்துப் புள்ளி ரெண்டு பத்து இல்ல."

அவர் குத்திக்காட்டவில்லை. குத்திக்காட்டத் தெரிந்தவர் அல்ல. பிழையைத் திருத்தச் சொன்னார், அவ்வளவுதான். ஐந்தை அடித்து இரண்டு என்று எழுதினேன். அவர் நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்தார். புது வருஷ இலக்கு எழுதும்போது, சொன்னால் நம்ப மாட்டீர்கள், என் கை ஒன்பதுக்குத்தான் போயிற்று. நிறுத்திப் பத்து என்று எழுதினேன்.

எல்லோரும் போன பிறகு தட்டைக் கழுவ நின்றேன். டுவேன் துடைக்கும் துணியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றார். குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீரையே பார்த்துக்கொண்டு சொன்னேன். வெஸ்ட் ஆல்பனிலிருந்து எனக்குப் போன் வந்தது, பரவாயில்லை என்று மட்டும் சொன்னேன், உங்களுக்கு அந்த வேலை கிடைக்காமல் போனதற்கு நான்தான் காரணம், மார்லிஸ் அந்தச் சாலையில் அலைந்ததற்கும் நான்தான் காரணம் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கையை நீட்டிக் குழாயை மூடினார். தண்ணீர் வீணாவது அவருக்குப் பொறுக்காது.

"தெரியும் டீச்சர்," என்றார். "அந்தம்மா போன்ல சொல்லிட்டாங்க. உங்க ஊர்க்காரங்களே பரவால்லன்னுதான் சொல்றாங்கன்னாங்க."

நான் ஈரக் கையோடு அவர் பக்கம் திரும்பினேன்.

"வீட்டுக்குப் போய் மார்லிஸ்கிட்ட சொன்னேன். வேலை கெடைக்கலன்னு அழுவாளோன்னு பாத்தா, யாரு, வெர்னா டீச்சரா, டீச்சரா அப்படிச் சொன்னாங்கன்னு நாலு தடவ கேட்டா. ஒரு தாள்ல எழுதி ஃப்ரிட்ஜ்ல ஒட்டிட்டா. 'டுவேன் பரவால்ல. வெர்னா டீச்சர் சொன்னது.' தேதியெல்லாம் போட்டு. வரவங்ககிட்டயெல்லாம் காட்டுவா."

தட்டில் மிச்சமிருந்த துண்டை நான் கழுவுமுன் எடுத்து ஒரு காகிதத்தில் வைத்திருந்தேன். அவர் அதைப் பார்த்து, கத்தியால் பாதியாக்கி, ஒரு பாதியை என் பக்கம் தள்ளினார்.

"இன்னும் அங்கதான் இருக்கு," என்றார். "எடுக்க மனசு வரல."

நான் துணியை அவர் கையிலிருந்து வாங்கித் தட்டைத் துடைத்தேன். அவர் ஏற்கெனவே துடைத்துவிட்டிருந்தார்.